கல்யாணப் படம் கெட்டுப்போனால்: கிராப் சென்சார் கேமராவுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

போன ஆவணியில் ஒரு முகூர்த்தம் முடிந்த மறுநாள், யாங்கோனில் புதிதாகப் படமெடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேமராப் பையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே இருந்தது கிராப் சென்சார் கேமரா; படத்தைப் பதிக்கும் அதன் சென்சார், ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சாரைவிடச் சின்னது. "அண்ணா, இதை யாரிடமாவது விற்றுத் தர முடியுமா? ஃபுல் ஃபிரேம் இல்லாமல் இனிமேல் கல்யாணத்துக்குப் போகப்போவதில்லை" என்றார். தாலி கட்டும் படத்தைக் காட்டினார். மாப்பிள்ளையின் விரல்கள் தேய்ந்து போயிருந்தன. மணப்பெண்ணின் கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள்.

படத்தின் விவரங்களைத் திறந்தேன். லென்ஸ் 55 மி.மீ., அதன் திறப்பு எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்), ஷட்டர் 1/40 விநாடி, படத்தைத் தூக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ 6400 (இது ஏற ஏறப் புள்ளியும் கூடும்). கேமராவோடு வந்த 18-55 லென்ஸை முழுவதும் இழுத்து எடுத்திருக்கிறார். அதே மண்டபத்தில், அதே வெளிச்சத்தில், அதே கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் 1/200 விநாடியும் ஐஎஸ்ஓ 3200-உம் கிடைத்திருக்கும். கையும் உறைந்திருக்கும், புள்ளியும் பாதியாகக் குறைந்திருக்கும். கேமராவை மட்டும் மாற்றி எஃப் 5.6 லென்ஸோடு போயிருந்தால் கை அப்படியேதான் தேய்ந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை எப்போதும் இதுதான்: கெட்ட படத்தைத் திறந்து அந்த நான்கு எண்களைப் படியுங்கள். அதற்கு முன்னால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்.

கிராப் சென்சார் உண்மையாகவே தோற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மங்கிய வெளிச்சம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. நிக்கான், சோனி, ஃபுஜி ஆகியவற்றின் கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.; கேனானுடையது 22.3×14.9 மி.மீ. பரப்பில் பாதிக்கும் குறைவு என்பதால், ஒரே அமைப்பில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் புள்ளி கூடும் (ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி). இரண்டாவது, சின்ன அறை. மற்றபடி என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள்

நம் முகூர்த்தங்கள் விடியற்காலையில் வருகின்றன. அந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் மண்டபம் ஜெனரேட்டரில் ஓடும். ஜெனரேட்டரில் ஓடும்போது பாதி விளக்குதான் எரியும். இந்த ஊரில் கல்யாணப் படம் எடுப்பவருக்கு இதுதான் அன்றாடம். புள்ளிக்குக் காரணம் தேடும்போது இந்த மண்டபத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படத்தின் ஐஎஸ்ஓவைப் பாருங்கள். 1600, 3200 என்று இருந்தும் புள்ளி அதிகமாக இருந்தால், படத்தை இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் தூக்கியிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து குறைத்து வைப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. ஐஎஸ்ஓ 1600-இல் இருட்டாக எடுத்து இரண்டு ஸ்டாப் தூக்கிய முகத்தைவிட, ஐஎஸ்ஓ 6400-இல் சரியான வெளிச்சத்தில் எடுத்த முகம் பல கேமராக்களில் சுத்தமாகவே இருக்கும். பட்டு வேட்டியும் ஹோமத் தீயும் சட்டகத்துக்குள் இருந்தால் கேமராவின் அளவுமானி ஏமாந்து படத்தை இருட்டாக்கும். அப்போது முகத்துக்காக முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். தீ வெளுத்துப் போனால் போகட்டும். ஆல்பத்தைத் திறப்பவர்கள் தேடுவது மகளின் முகத்தை.

ஐஎஸ்ஓ 6400, 12800 என்று ஏறியிருந்தால் லென்ஸைப் பாருங்கள். 18-55 லென்ஸ் இழுத்த முனையில் எஃப் 5.6-தான் தரும். 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று அதைவிட மூன்று ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் தரும். உங்கள் பணத்தில் முதலில் எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் மாறாது: முதலில் 35 மி.மீ. எஃப் 1.8, அதன்பின் 17-50 எஃப் 2.8 போன்ற ஒரு ஜூம், கேமரா உடல் கடைசியில். சிக்மா 2013-இல் கொண்டுவந்த 18-35 எஃப் 1.8 கிராப் சென்சாருக்கென்றே செய்தது. கனமான லென்ஸ்தான், ஆனால் மங்கிய மண்டபத்தில் அதன் அருமை தெரியும்.

மூன்றாவது வழி செலவே இல்லாதது. முதல் நாளே பெண்ணின் அப்பாவிடம் போய், மணமேடைக்கு முன்னால் பக்கவாட்டில் இரண்டு வெள்ளை விளக்குகளை ஜெனரேட்டர் வரிசையில் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். "படம் நன்றாக வரும் ஐயா" என்று சொன்னால் மறுத்தவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

பிளாஷை மேலே திருப்பி அடிப்பதில் ஒரு எச்சரிக்கை. கோவில் மண்டபத்தின் விதானம் பச்சையும் நீலமும் பூசியதாக இருந்தால், அந்த நிறம் அப்படியே மணமக்கள் தலையில் இறங்கும். வெள்ளைச் சுவர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திருப்புங்கள்.

கலங்கலாக இருக்கிறது, கூர்மை இல்லை

இது ஒரு நோயன்று, மூன்று நோய்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிரித்தறிய நான் குத்துவிளக்கைப் பார்ப்பேன். மேடையில் அசையாமல் நிற்பது அது ஒன்றுதான்.

விளக்கு கூர்மையாக இருந்து கை மட்டும் தேய்ந்திருந்தால், ஆள் அசைந்திருக்கிறார். லென்ஸில் உள்ள நடுக்கம் குறைக்கும் வசதி இதற்கு உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், மாப்பிள்ளையின் கையை நிறுத்தாது. தாலி கட்டும்போது 1/200, மாலை மாற்றும்போது 1/250, அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

விளக்கும் சேர்ந்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால், உங்கள் கை நடுங்கியிருக்கிறது. கிராப் சென்சாரில் கணக்கு கொஞ்சம் மாறும்: லென்ஸ் எண்ணை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், கேனானில் 1.6-ஆல். 85 மி.மீ. லென்ஸுக்கு 1/85 போதாது. 1/130-க்கு மேல் வேண்டும்.

விளக்கு கூர்மையாகவும் மணப்பெண் மங்கலாகவும் இருந்தால், அல்லது பின்னால் நிற்கும் சித்தப்பாவின் சட்டைப் பொத்தான் கூர்மையாக இருந்தால், ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஆரம்பநிலை கேமராக்களில் ஓரத்து ஃபோகஸ் புள்ளிகள் வலுவற்றவை. நிக்கான் டி3500-இல் இருக்கும் 11 புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிக்கும் வலுவான வகை. ஹோமப்புகையும் மங்கிய வெளிச்சமும் சேர்ந்தால் ஓரப்புள்ளி தடுமாறும். நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பூட்டி, பிறகு சட்டகத்தைச் சற்றே நகர்த்துங்கள். எந்தப் புள்ளியில் எடுத்தாலும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ தவறினால் லென்ஸும் உடலும் ஒத்துப்போகவில்லை. நிக்கானின் டி7000 வரிசையில் அதைத் திருத்தும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. டி3000, டி5000 வரிசைகளில் இல்லை, பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இங்கே கிராப் சென்சாருக்குச் சேர வேண்டிய ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். மேடையிலிருந்து 8 அடி தூரத்தில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் வைத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அடி. ஃபுல் ஃபிரேமில் அதே சட்டகத்துக்கு அதே எஃப் 2.8-இல் ஒன்றேகால் அடிதான். மாப்பிள்ளையின் விரல், மணப்பெண்ணின் குனிந்த முகம், பின்னால் நின்று மூன்றாவது முடிச்சைப் போடும் நாத்தனார் ஆகிய மூன்றும் அந்த அரை அடி வித்தியாசத்தில் அடங்கிவிடும். குறை என்று சொல்லப்படுவது தாலிகட்டும் நொடியில் காப்பாற்றுகிறது.

குடும்பம் முழுவதும் சட்டகத்துக்குள் வரவில்லை

சென்சாரின் மெய்யான குறை இது. யாங்கோன் நகரத்தின் மையத்தில் பல வீடுகள் 12½ அடி அகலமும் 50 அடி நீளமும் கொண்டவை. நிச்சயதார்த்தம் அந்த முன்னறையிலேயே நடக்கும். தட்டு மாற்றும்போது இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தால் நமக்கு நிற்க ஒரு மூலைதான் மிஞ்சும்.

ஒரு சின்னக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தூரத்தை 23.5-ஆல் பெருக்கி லென்ஸ் எண்ணால் வகுத்தால், சட்டகத்தில் எத்தனை அடி அகலம் விழும் என்று வரும். 10 அடியில் 50 மி.மீ. லென்ஸ் 4.7 அடிதான் பார்க்கும், 35 மி.மீ. 6.7 அடி, 18 மி.மீ. 13 அடி, 10 மி.மீ. 23 அடிக்கு மேல். முதல்நாள் பாக்கு வெற்றிலை வாங்கிக்கொள்ளப் போகும்போதே அறையை அடியெண்ணி அளந்துவிட்டு வாருங்கள்.

குடும்பத்தை அறையின் அகலத்துக்குக் குறுக்கே நிறுத்தி, நீங்கள் நீளவாட்டில் பின்னால் போங்கள். 12 அடி வரிசைக்கு 18 மி.மீ. லென்ஸோடு 9½ அடி போதும். ஆனால் நடுத் தடுப்புக் கதவைத் திறந்து 18 அடி பின்னால் போக முடிந்தால் 35 மி.மீ. லென்ஸிலேயே எடுங்கள். முகங்கள் எல்லாம் உரிய வடிவில் இருக்கும். 10-18 போன்ற அகல லென்ஸ் வேறு வழியே இல்லாதபோதுதான். அதில் ஓரத்தில் நிற்பவரின் தலை முட்டை போல் நீளும், தோள் விரியும். தாத்தா பாட்டியை நடுவில் உட்கார வையுங்கள். ஓரத்தில் இளவட்டங்கள் நிற்கட்டும், அவர்களுக்கும் முழங்கை அளவு இடம் ஓரத்தில் விடுங்கள்.

படத்தில் வரிவரியாகப் பட்டைகள். ஒரே நொடியில் எடுத்த இரண்டு படங்கள் இரண்டு நிறம்

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் 1/500 என்றால் அந்த ஏற்றத்தையோ இறக்கத்தையோ மட்டும் பிடிக்கும். ஐயர் மந்திரம் சொல்லும்போது சத்தம் வேண்டாமென்று ஓசையில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டிருந்தீர்களா? பட்டைகளுக்கு முதல் காரணம் அதுதான். இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். ஷட்டரை 1/100-இல் வையுங்கள்; அசைவுக்கு அது போதாதபோது, விளக்குத் துடிப்பைக் குறைக்கும் அமைப்பு கேமராவில் இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் 7டி மார்க் 2 வந்த 2014 முதல் பல கேமராக்களில் அது உண்டு. ஜெனரேட்டர் ஓட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் நிலையாக நிற்காது, ஆகவே மண்டபம் ஜெனரேட்டருக்கு மாறியதும் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் தீரவில்லை என்றால் பிளாஷே முக்கிய வெளிச்சமாக இருக்கட்டும்.

பிளாஷ் போட்டால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை

ஷட்டர் பிளாஷைவிட வேகமாகப் போய்விட்டது. நிக்கான் டி7200, கேனான் 80டி ஆகியவற்றில் எல்லை 1/250. கேனானின் ஆரம்பநிலை உடல்களில் 1/200. சோனி ஏ6400-இல் 1/160. அதற்குள் நில்லுங்கள், அல்லது பிளாஷில் அதிவேக ஒத்திசைவைப் போடுங்கள்.

கூறைப்புடவை ஒரே சிவப்புக் கட்டியாகத் தெரிகிறது

நெசவும் மடிப்பும் காணாமல் போய்விட்டன என்றால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் பொதுவான வரைபடத்தைப் (ஹிஸ்டோகிராம்) பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்தால்தான் வலது சுவரில் சிவப்பு முட்டிக்கொண்டிருப்பது தெரியும். அரை ஸ்டாப்பிலிருந்து முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள். கேமரா திருத்தாத மூலக் கோப்பான ரா கோப்பில் எடுங்கள். கேமராவின் பளீர் நிற அமைப்பை விட்டு இயல்பான அமைப்புக்கு மாறுங்கள்.

மேலே முகத்துக்காகக் கூட்டச் சொன்னேன், இங்கே புடவைக்காகக் குறைக்கச் சொல்கிறேன். முகூர்த்தத்தில் முகம்தான் முதன்மை. புடவைக்கென்று இரண்டு படம், அலங்காரம் முடிந்ததும் சன்னலோரத்தில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி இன்னொன்று. நம் கல்யாணங்களுக்கு வரும் பர்மியத் தோழிகள் கன்னத்தில் தனகா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசி வருவார்கள். அந்த இளமஞ்சளைத் திருத்த வேண்டிய பிழையென்று எண்ணிச் சிலர் கணினியில் தேய்த்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். அது அவர்கள் விரும்பிப் பூசிக்கொண்ட அழகு. வெள்ளையைச் சரிசெய்ய வேட்டியை நம்பவும் வேண்டாம். வெண்மை கூட்டும் சோப்பில் துவைத்த வேட்டி பிளாஷில் நீலம் காட்டும். சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயதார்த்த வெளிப்புறப் படத்தில் பின்னணி கரையவில்லை

கந்தவ்ஜி ஏரிக்கரையில் எடுத்த படத்தைக் காட்டி, "ஃபுல் ஃபிரேம்காரர்கள் எடுத்ததில் பின்னணி வெண்ணெய் போல் இருக்கிறது, என்னுடையதில் ஒவ்வோர் இலையும் தெரிகிறது" என்பார்கள். கிராப் சென்சாரில் எஃப் 1.8 தரும் ஆழம், ஃபுல் ஃபிரேமில் அதே சட்டகத்துக்கு ஏறத்தாழ எஃப் 2.7 தருவது. வெளிச்சத்தில் குறைவில்லை, கரைதலில்தான். மருந்து இடத்தில் இருக்கிறது. இணையரைச் செடியிலிருந்து இருபது அடி முன்னால் இழுத்து நிறுத்துங்கள், நீங்கள் நெருங்குங்கள், 56 அல்லது 85 மி.மீ. லென்ஸைப் போடுங்கள். 18-55 லென்ஸில் இருபது படம் எடுத்துப் பார்ப்பதைவிட இணையர் எடுத்துவைக்கும் பத்து அடி அதிகம் தரும்.

அதே ஏரிக்கரையில் கிராப் சென்சாரின் பலத்தையும் பாருங்கள். கிட்டத்தட்ட 99 மீட்டர் உயர ஷ்வேடகோன் பகோடா தண்ணீருக்கு அப்பால் நிற்கிறது. 85 மி.மீ. லென்ஸ் உங்களிடம் 127 மி.மீ. போலப் பார்க்கும். இணையரிடமிருந்து நன்றாகப் பின்வாங்கி எடுத்தால், பொற்கோபுரம் அவர்கள் தோளுக்குப் பின்னால் பெரிதாக எழும். பகோடா தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 8 வரை மூடுங்கள். எஃப் 11-க்கு மேல் போகாதீர்கள். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் அதற்கு மேல் கூர்மை தேயத் தொடங்கும்.

முகூர்த்த நேரத்தில் கேமரா நின்றுபோகிறது

பொத்தானை அழுத்தினால் எடுக்கவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறதா? கார்டில் எழுதும்வரை படங்களைத் தாங்கி வைக்கும் இடைநினைவகம் நிரம்பிவிட்டது. கேனான் 700டி போன்ற உடல்கள் ஆறு ரா கோப்புக்குமேல் தொடர்ந்து தாங்காது. கெட்டிமேளம் கேட்டவுடன் விரலை அழுத்திப் பிடித்தால், மூன்றாம் முடிச்சு விழும்போது கேமரா எழுதிக்கொண்டிருக்கும். இரண்டிரண்டாக எடுங்கள்.

கேமராவே உயிர்பெறவில்லை என்றால் பேட்டரி. டி7200 ஒரு பேட்டரியில் சோதனை அளவில் ஆயிரத்துக்கு மேல் எடுக்கும். ஏ6400 நானூற்றுச் சொச்சம். மின்சாரம் எப்போது வருமென்று தெரியாத ஊரில், ஏ6400 போன்ற கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமரா வைத்திருப்பவர் நான்கு பேட்டரி இல்லாமல் புறப்படக் கூடாது. கார்டு ஒன்றே போடக்கூடிய உடல்கள் பல, டி7200-க்குப் பின்னால் வந்த டி7500 உட்பட. டி7200-இல் இரண்டு உண்டு. ஒரு முறை எனக்கு நிச்சயதார்த்தக் கார்டு ஒன்று திறக்கவே இல்லை. அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்ற நிமிடத்தை இன்றும் மறக்கவில்லை. ஒற்றைக் கார்டு உடல் என்றால் ஊஞ்சல் முடிந்ததும் ஒரு கார்டு, முகூர்த்தம் முடிந்ததும் ஒரு கார்டு என்று மாற்றிவிடுங்கள்.

படம் முழுவதும் பால் போல் வெளிறியிருக்கிறது

வைகாசிக் கடைசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் பிடித்தால் மழைக்காலம். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் வேர்க்கும். துடைக்காதீர்கள், துடைத்தால் மறுபடி வேர்க்கும். வண்டியிலிருந்து இறங்க அரைமணி நேரம் இருக்கும்போதே குளிரூட்டியை நிறுத்துங்கள். அல்லது கேமராவை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மண்டபத்துச் சூட்டுக்குப் பழகவிடுங்கள்.

ஈரம் தானாகக் காய்ந்த பின்னும் வெளிறல் போகவில்லை என்றால் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி இழை போல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காமல் சுத்தம் செய்யக் கொடுங்கள். காற்றுப்புகாத அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கும்படி வைத்தால் இது வராது. பத்தாயிரம் படம் எடுத்த சென்சார் கெட்டதைவிட, ஒரே மழைக்காலத்தில் கெட்ட லென்ஸ்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆல்பத்தில் பெரிதாக்கினால் உடைந்துவிடுமா?

24 மெகாபிக்சல் என்பது 6000×4000. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் 20 அங்குல அகலம் வரை அச்சிடலாம். 12×36 ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்தால் அங்குலத்துக்கு 167 புள்ளிதான் வரும். அதுவும் மடியில் வைத்துப் பார்க்கும் தூரத்துக்குப் போதும். உடைவது எப்போதென்றால், எடுக்கும்போது தூரத்தில் நின்றுவிட்டுப் பிறகு கணினியில் பாதியை வெட்டி எறிந்து பெரிதாக்கும்போது.

விரித்துப் போடப்போகும் படத்தை மனதில் வைத்தே எடுங்கள். 36 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்றால் சட்டகத்தின் உயரத்தில் பாதி போய்விடும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அந்த இடத்தை முன்பே விட்டுவையுங்கள். பதினெட்டாவது அங்குலத்தில் மடிப்பு வரும். மணமக்களைச் சரியாக நடுவில் நிறுத்தாமல் ஒரு பக்கமாக நிறுத்துங்கள்.